தாமசைட்டுகள்

தாமசைட்டுகள் என்போர் 1901-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்சுக்குச் சென்ற பள்ளி ஆசிரியர்கள். ஏறத்தாழ 500 பேர் ‘தாமஸ்’ என்ற இராணுவக் கப்பலில் ஜூலை 23 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் 21 அன்று மணிலாவை அடைந்தனர். கப்பலின் பெயரே அவர்களுக்கு நிலைத்தது.

பின்னணி

1898-இல் ஸ்பெயினிடமிருந்து இத்தீவுகளைப் பெற்ற அமெரிக்கா, விடுதலை கோரிய பிலிப்பினோக்களுடன் போரிட்டு வந்தது. 1901 ஜனவரியில் வந்த 74-ஆம் சட்டம் இலவசத் தொடக்கப் பள்ளிகளை நிறுவி, ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. அமெரிக்காவிலிருந்து 1,000 ஆசிரியர்களை அழைக்கவும் அனுமதித்தது.

பணி

ஆசிரியர்கள் பல தீவுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். மாணவர்கள் தகலாக், செபுவானோ, இலோகானோ முதலிய மொழிகளைப் பேசினர். அம்மொழிகள் ஆசிரியர்களுக்குத் தெரியாது. ஆங்கிலம் மாணவர்களுக்குத் தெரியாது. சம்பளம் தாமதமானது. 1902-இல் காலரா பரவியது. நோயால் சிலர் இறந்தனர். எஞ்சியோர் குழந்தைகளுக்குக் கற்பித்ததோடு உள்ளூர் ஆசிரியர்களையும் பயிற்றுவித்தனர்.

விளைவு

பள்ளிக் கல்வி எளிய மக்களையும் எட்டியது. ஆனால், வீட்டில் பேசாத மொழியில் படிப்பது மாணவர்களுக்குப் பெருந்தடையாக இருப்பதை 1925-இல் மன்றோ ஆய்வுக்குழு சுட்டிக்காட்டியது. ஆசிரியர்களின் உழைப்பால் மட்டும் அத்தடையை நீக்க முடியவில்லை. ஆங்கிலம் இன்றும் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று.