மானட் சுரங்க ஓவியக் காப்பகம்

மானட் சுரங்க ஓவியக் காப்பகம் என்பது இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் தேசிய கலைக்கூடத்தின் ஓவியங்கள் பாதுகாக்கப்பட்ட நிலத்தடி இடமாகும். இது வடக்கு வேல்சில் பிளைனை பெஸ்டினியாக் என்னும் ஊருக்கு அருகில், மானட் மலையின் சிலேட்டுக் கற்சுரங்கத்தில் அமைந்திருந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இவ்விடம், வெப்பநிலையும் ஈரப்பதமும் சீராக இருந்தால் ஓவியங்கள் பழுதடைவது பெரிதும் குறையும் என்பதை நடைமுறையில் காட்டியது. எனவே தடுப்புப் பேணலின் வரலாற்றில் இது முக்கிய இடம் பெறுகிறது.

தடுப்புப் பேணல்

பழுதடைந்த ஓவியத்தைச் சீர்செய்வது மீட்டமைப்பு எனப்படும். பழுது ஏற்படாதவாறு வெப்பம், ஈரப்பதம், ஒளி, தூசி, பூச்சி ஆகியவற்றைக் கண்காணித்துக் கட்டுப்படுத்துவது தடுப்புப் பேணல் ஆகும்.

இடமாற்றம்

1939 ஆம் ஆண்டு போர் தொடங்கும் தறுவாயில் கலைக்கூடத்தின் ஓவியங்கள் வேல்சின் பல கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டன. 1940 இல் பிரான்சு வீழ்ந்தபின் அவ்விடங்களும் வான்தாக்குதலுக்கு உட்படும் நிலை ஏற்பட்டது. ஆகவே 1941 ஆம் ஆண்டு ஓவியங்கள் மானட் சுரங்கத்துக்கு மாற்றப்பட்டன. பெரிய ஓவியங்கள் நுழைவதற்காகச் சுரங்கவாயில் வெடிவைத்து அகலமாக்கப்பட்டது. வான் டைக் வரைந்த, முதலாம் சார்லசு மன்னர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஓவியம் கடந்து செல்வதற்காக, வழியிலிருந்த ஒரு பாலத்தின் கீழ்ச் சாலை தாழ்த்தப்பட்டது.

காற்றுநிலைக் கட்டுப்பாடு

சுரங்கத்தின் இயற்கையான காற்று குளிர்ந்தது. மிகுந்த ஈரம் கொண்டது. எனவே குகைகளுக்குள் செங்கல் கட்டடங்கள் எழுப்பப்பட்டு, உள்ளிருந்த காற்று சூடாக்கப்பட்டது. நீராவியின் அளவு மாறாமல் காற்றைச் சூடாக்கினால் அதன் சார்பு ஈரப்பதம் குறையும். இவ்வாறு வெப்பநிலை ஏறத்தாழ 17 பாகை செல்சியசிலும், சார்பு ஈரப்பதம் ஏறத்தாழ 42 விழுக்காட்டிலும் நிலைநிறுத்தப்பட்டன. கலைக்கூடத்தின் அறிவியல் ஆலோசகர் இயன் ராலின்சு இப்பணியில் பங்காற்றினார்.

கண்டறிந்தவை

பழைய ஐரோப்பிய ஓவியங்கள் பல மரப்பலகையில் வரையப்பட்டவை. ஈரம் கூடும்போது மரம் விரியும், குறையும்போது சுருங்கும். அதன்மேல் உள்ள சுண்ணப்பூச்சும் வண்ணப்படலமும் அதே அளவு அசைவதில்லை. ஆகையால் வண்ணம் வெடித்து, கொப்புளித்து, செதிலாக உதிர்கிறது. இலண்டனில் குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கியபோது காற்று வறண்டு, இப்பழுது அடிக்கடி நேர்ந்தது. சுரங்கத்தில் இருந்த காலத்தில் உதிர்வு பெருமளவு நின்றது. 1945 இல் ஓவியங்கள் இலண்டன் திரும்பியபின் மீண்டும் தலைகாட்டியது. ஓவியங்களும் அவற்றைப் பேணிய முறையும் மாறவில்லை. சுற்றியிருந்த காற்றே மாறியிருந்தது.

விளைவுகள்

போருக்குப் பின் கலைக்கூடத்தின் அறைகளில் படிப்படியாகக் காற்றுப்பதனாக்கம் செய்யப்பட்டது. அங்குப் பணியாற்றிய கேரி தாம்சன் 1978 இல் வெளியிட்ட அருங்காட்சியகச் சூழல் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. நீர்வண்ண ஓவியம், துணி போன்ற எளிதில் மங்குபவற்றுக்கு 50 லக்சு ஒளியே போதுமென்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

கடுமையான கட்டுப்பாடு மிகுந்த மின்சாரத்தைச் செலவழிப்பதால், 2014 இல் பன்னாட்டுப் பேணல் அமைப்புகள் பெரும்பாலான பொருட்களுக்கு 40 முதல் 60 விழுக்காடு வரையிலான ஈரப்பதத்தை ஏற்றன. ஆயினும் திடீர் மாற்றத்தைத் தவிர்க்க வேண்டும் என்னும் மானட்டின் பாடம் மாறவில்லை. ஆகவே அருங்காட்சியகங்கள் உணரிகளைக் கொண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் தொடர்ந்து பதிவு செய்கின்றன.