கிளிவெட்டி வயலும் கடன் கொப்பியும்

கிளிவெட்டிப் பக்கத்து விவசாய வரலாற்றைப் பேசுபவர்கள் அல்லைக் குளத்திலிருந்துதான் தொடங்குவார்கள். மகாவலியின் கிளையான வெருகலாற்று நீரை நம்பி 1950களில் எழுந்த அல்லைக் குடியேற்றத் திட்டம் இந்த மண்ணின் முகத்தையே மாற்றியது உண்மைதான். ஆனால் தண்ணீர் வந்த வாய்க்காலைப் பார்க்கின்ற நாம் காசு வந்த வழியைப் பார்ப்பதில்லை. விதைநெல், உழவு, பசளை, களை பிடுங்கும் பெண்களின் கூலி, எல்லாம் நெல் விளையுமுன் கைவிட்டுப் போகின்ற செலவுகள். அந்த நாலு மாதத்தை யார் தாங்குகிறாரோ அவருக்குத்தான் களத்தில் முதற்பங்கு. தாங்க ஆளில்லையென்றால் வயல்காரன் செலவைச் சுருக்குவான்; முதலில் வேலை இழப்பது கூலிக்காரர்தான்.

குடியேற்றவாசியிடம் காணி இருந்தது. ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடுவைக்கவோ இடமில்லை. காணி கைமாறிப் போகாமல் காத்த அதே சட்டம்தான் கடன் வாசலையும் ஒடுக்கியது.

1911 முதலே நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் இருந்தது. 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், 1961இல் மக்கள் வங்கி, 1967இல் புதிய விவசாயக் கடன் திட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1977–78 பெரும்போகத்தில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தாராளமாகக் கடன் வழங்கினார்கள். திரும்பி வந்தது சொற்பம். அதன்பின் நிலுவைக்காரனுக்கு வங்கிக் கதவு மூடப்பட்டது. வெள்ளமோ வரட்சியோ ஒரு போகத்தைக் கொண்டுபோனால், அடுத்த போகத்துக்கு அவன் போகக்கூடிய இடம் ஒன்றுதான்: நெல் வியாபாரியின் கடை.

"இப்ப காச எடு, வெட்டினதும் நெல்லக் கொட்டு" என்பதுதான் அங்கே பேச்சு. அந்த வியாபாரிகளில் நம்மவரும் உண்டு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இதை 'ஸலம்' என்று நியாயப்படுத்துவோரும் இருக்கிறார்கள். மதீனாவாசிகள் பழங்களுக்கு இரண்டு மூன்று வருடம் முன்னதாகவே பணம் கொடுத்து வாங்கினார்கள். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை, அளவும் நிறையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். ஆனால் கடைக் கொப்பியில் நடப்பது வேறு. விளையாத வருடம் பாக்கி நெல் அடுத்த போகத்துக்குக் கூட்டி எழுதப்படுகிறது. தவணை கொடுத்துத் தொகையைப் பெருக்குவது ஜாஹிலிய்யாக் காலத்து ரிபாவேதான். பெயரை மாற்றினால் கணக்கு மாறாது.

2006 யுத்தத்தில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினோம். சம்பூரிலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பின்னர் வருடக்கணக்கில் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் கிடந்தார்கள். சொந்த வயல் இருந்தவர்கள் பிறர் வயலில் கூலிக்குப் போனார்கள். விதைக்காத வயலை நம்பி யார் கடன் கொடுப்பார்?

அமைதி வந்ததும் நுண்கடன் கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், வாரத் தவணையோடு. நெல் வாரா வாரமா விளைகிறது? 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், திருகோணமலை உட்பட, பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் தீர்மானித்தது. அது கம்பனிக் கணக்குகளுக்கு. கடைக் கொப்பியில் இருந்த நெல் அப்படியே இருந்தது.