அறிகுறியற்ற ஃபியோக்ரோமோசைட்டோமா

சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் தோன்றி, அட்ரினலின், நார்அட்ரினலின் ஹார்மோன்களை உண்டாக்கும் கட்டி ஃபியோக்ரோமோசைட்டோமா. ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 2 முதல் 8 பேருக்கே இது கண்டறியப்படுகிறது. தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் விட்டுவிட்டு வந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் எழும். ஆனால் சிலருக்கு ரத்த அழுத்தம்கூட ஏறுவதில்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 50 ஆண்டுகளில் பிணக்கூறாய்வு மூலம் உறுதியான 54 பேரைப் பற்றிய ஆய்வு 1981இல் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு உயிரோடிருந்தவரை கட்டி இருப்பது தெரியாது. வேறு நோய்க்காகச் செய்த அறுவையே சிலரின் மரணத்துக்குக் காரணமாகிவிட்டது.

அறுவை மேசையில் நேரும் திடீர் மரணம் ஹைதராபாத் நகரம் முன்பே ஆராய்ந்த கேள்வி. மயக்கத்துக்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கும்போது நோயாளி ஏன் இறக்கிறார் என்று அறிய, எட்வர்ட் லாரி என்ற மருத்துவரின் முயற்சியில் 1888, 1889 ஆண்டுகளில் இங்கே இரண்டு ஆணையங்கள் கூடின. பணம் தந்தவர் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான். இரண்டாம் ஆணையத்துக்கு லண்டனின் ‘லான்செட்’ இதழ் மருத்துவர் லாடர் பிரண்டனை அனுப்பிவைத்தது. முதலில் நிற்பது மூச்சுதான், இதயம் அல்ல என்று ஆணையம் முடிவு சொன்னது. அட்ரினலினும் குளோரோஃபார்மும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும் என்பதை 1911இல் குட்மன் லெவி காட்டிய பிறகே அந்த முடிவு ஆட்டம் கண்டது. அட்ரினலினை உடலுக்குள்ளேயே கொட்டும் கட்டிகளைப் பற்றி அன்று மருத்துவ உலகுக்கு அநேகமாக எதுவும் தெரியாது. 1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் ஃபிராங்கல் முதலில் விவரித்த இக்கட்டிக்கு 1912இல் லூட்விக் பிக் பெயர் வைத்தார். 1926இல் அறுவை மருத்துவர்கள் ரூ, மேயோ இருவரும் தனித்தனியே அதை வெட்டியெடுத்தார்கள். அறுவைக்கு முன்பே நோயைச் சரியாகக் கண்டறிந்தது 1929இல்தான்.

இன்று இக்கட்டி பெரும்பாலும் தற்செயலாகவே அகப்படுகிறது. சிறுநீரகக் கல்லுக்காகவோ வயிற்றுவலிக்காகவோ எடுத்த சிடி ஸ்கேனில் அட்ரீனலில் ஒரு உருண்டை தெரியும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மருந்து ஏற்றாத சிடியில் கட்டியின் அடர்த்தி சீராக 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்குள் இருந்தால் இது ஃபியோக்ரோமோசைட்டோமா அல்ல என்று நம்பலாம். அதைவிடக் கூடுதல் என்றால் நோயாளி எவ்வளவு தெம்பாக இருந்தாலும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை கட்டாயம். அதற்கு முன் ஊசி குத்திச் சதை எடுப்பது உயிருக்கே ஆபத்து. அடக்கமாக இருந்த கட்டி ஹார்மோனை ஒரே வீச்சில் ரத்தத்தில் கொட்டிவிடும்.

அறிகுறியே இல்லாதவரிடம் இந்தப் பரிசோதனை எப்படிப் பலிக்கிறது? கட்டி அட்ரினலினை எப்போதாவது வெளியே விடலாம், விடாமலும் போகலாம். ஆனால் கட்டியின் செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி அந்த ஹார்மோன்களை இடைவிடாமல் மெட்டாநெஃப்ரின்களாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அவை ஓயாமல் ரத்தத்தில் கசிகின்றன. நோயாளியை 20, 30 நிமிடம் படுக்கவைத்து ரத்தம் எடுக்கிறார்கள். அல்லது 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கிறார்கள். அளவு இயல்பின் உச்சத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு என்றால் ஐயத்துக்கு இடமில்லை. சற்றே கூடியிருந்தால் அவசரப்படக் கூடாது. மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் அளவை உயர்த்தும். சில பரிசோதனை முறைகளில் பாராசிட்டமாலும் குழப்பும்.

ஹைதராபாத்தில் பஞ்சகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில், மக்கள் வழக்கில் ‘நிம்ஸ்’, நாளமில்லாச் சுரப்பியியலும் அணு மருத்துவமும் ஒரே வளாகத்தில் உள்ளன. அதன் மருத்துவ மரபியல் துறை, நகரத்திலேயே உள்ள மத்திய அரசின் டிஎன்ஏ ரேகை மற்றும் நோயறிதல் மையத்தோடு சேர்ந்து இயங்குகிறது. இந்த இணைப்பு இந்நோய்க்கு மிகவும் தேவையானது. ஏனெனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஆர்இடி, விஹெச்எல், எஸ்டிஹெச்பி போன்ற மரபணுக்களில் ஒன்றில் பிறவி மாற்றம் இருக்கும். உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் சோதித்தால், தொல்லை தொடங்குமுன்பே சிறு கட்டிகளைப் பிடித்துவிடலாம்.

நோய் உறுதியானதும் கத்தியை எடுப்பதில்லை. பிராசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்தை ஒன்றிரண்டு வாரம் கொடுத்து, உப்பும் நீரும் தாராளமாக எடுத்துக்கொள்ளச் செய்கிறார்கள். பீட்டா தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதன் பிறகே. வரிசை மாறினால் ரத்த அழுத்தம் எகிறும். பெரும்பாலான கட்டிகளை லேப்பராஸ்கோப்பி மூலமே அகற்றலாம். குறைந்தது 10 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் மெட்டாநெஃப்ரின் பார்க்க வேண்டும். மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஆயுள் முழுவதும்.