மார்பகப் புற்றுநோயும் நோயாளியின் குரலும்

மருத்துவ வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறுகளே. எந்தக் கருவியை எவர் கண்டுபிடித்தார், எந்தச் சத்திரசிகிச்சையை எவர் முதலிற் செய்தார் என்ற விவரங்கள் அவற்றில் நிரம்பியிருக்கும். மேசையிற் கிடந்த நோயாளியோ பெயரற்ற ஓர் உடலாகவே அங்கு இடம்பெறுகிறார். மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் இருநூறாண்டு வரலாற்றை அவ்வாறு வைத்தியர் பக்கம் நின்று மட்டும் நோக்கினால், அது ஏன் அவ்வாறு நகர்ந்தது என்பது விளங்காமற் போய்விடும். நோயாளி பேசத் தொடங்கியமையும், ஒரு நோயாளி இன்னொரு நோயாளியைத் தேடிச் சென்றமையும் அவ்வரலாற்றின் போக்கை மாற்றிய சக்திகளுள் அடங்கும்.

ஆங்கில நாவலாசிரியை ஃபனி பேர்னி 1811 செப்டெம்பர் 30ஆந் திகதி பாரிஸ் நகரிலே தம் இல்லத்தில் வைத்தே இச்சிகிச்சைக்கு உட்பட்டார். கத்தியை ஏந்தியவர் நெப்போலியனின் படை வைத்தியராகப் புகழ்பெற்ற டொமினிக் லாரே. சிகிச்சைக்குரிய நாள் நோயாளிக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. அன்று காலையிலேதான் அறிவித்தல் வந்தது. கறுப்புடை தரித்த ஏழு ஆடவர் அறையினுள் நுழைந்தனர். முகத்தின் மேல் மெல்லிய கைக்குட்டையொன்று விரிக்கப்பட்டது. அதனூடாகவே கத்தியின் பளபளப்பை அவர் கண்டார். ஈதர் என்னும் மயக்கமருந்தின் பயன் பொஸ்டன் நகரில் பகிரங்கமாகக் காட்டப்பட்டது 1846இலேயே. ஜப்பானிய வைத்தியர் ஹனஓகா செய்ஷூ 1804இல் மூலிகைக் கலவையால் மயக்கமூட்டி மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தாராயினும், அக்காலத்தில் அடைபட்டுக் கிடந்த அந்நாட்டின் செய்தி ஐரோப்பாவை எட்டவில்லை. பேர்னிக்குக் கிடைத்தது சிறிதளவு மதுபானமே. பல மாதங்களின் பின் தம் சகோதரி எஸ்தருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அன்றைய அனுபவம் முழுவதையும் அவர் விவரித்தார். அதன் பின்னர் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். மேசையில் கிடந்தவரே எழுதிய சாட்சியம் என்ற வகையில் அக்கடிதம் தனிச்சிறப்புடையது.

மயக்கமருந்து வந்தது, வேதனை அகன்றது. ஆனால் வேதனையோடு நோயாளியின் குரலும் அகன்றுவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. உணர்விழந்து கிடக்கும் உடலில் வைத்தியர் விரும்பியவளவு தூரம் செல்லலாயிற்று. அமெரிக்காவில் போல்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் ஐம்பது நோயாளர் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டார். புற்றுநோய் ஒரு மையத்திலிருந்து படிப்படியாகப் பரவுகின்றது. எனவே மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே வெட்டியெடுக்க வேண்டும் என்பது அவரது கோட்பாடு. குழிந்த நெஞ்சு, வீங்கிய கை, உயர்த்த முடியாத தோள் ஆகியன அதற்குப் பெண்கள் கொடுத்த விலை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இம்முறை ஏறக்குறைய வேதவாக்காகக் கொள்ளப்பட்டது. 1920களில் லண்டன் சென் பார்த்தலமியூ வைத்தியசாலையில், பொருளியலறிஞர் கெயின்ஸின் சகோதரரான ஜெப்ரி கெயின்ஸ், ரேடியம் ஊசிகளைக் கொண்டு மார்பகத்தைப் பேணிச் சிகிச்சையளித்தும் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கோட்பாட்டுக்கேற்ற நடைமுறையும் உருவாயிற்று. கட்டியைப் பரிசோதிப்பதற்கென மயக்கப்படுவாள் பெண்; புற்றுநோயென உடனே தெரியவந்தால், அவளை எழுப்பாமலே மார்பகம் அகற்றப்படும். கண்விழித்த பின்னர்தான் தனக்கு என்ன நிகழ்ந்ததென்று அவள் அறிவாள். சில சமயங்களில் அதனையும் அறியமாட்டாள். 'மௌன வசந்தம்' என்ற நூலால் உலகறிந்த ரேச்சல் கார்சன் 1960இல் இச்சிகிச்சைக்கு உட்பட்டபோது, அவர் வெளிப்படையாகக் கேட்டும், கட்டி புற்றுநோயே என்ற உண்மை சொல்லப்படவில்லை. அவ்வாண்டின் இறுதியில் வேறொரு வைத்தியரிடமே அதனை அறிந்தார். நச்சு இரசாயனங்களைப் பற்றிய உண்மையை உலகுக்குரைத்த விஞ்ஞானியிடமிருந்தே அவரது உடலைப் பற்றிய உண்மை மறைக்கப்பட்டது.

இந்த மௌனத்திலே முதல் விரிசலை ஏற்படுத்தியவர்களுள் ஒருவர் நியூயோர்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசர். 1952இல் சிகிச்சை பெற்ற அவருக்குக் கையை எவ்வாறு மீண்டும் அசைப்பது, எதை உடுப்பது, கணவனை எவ்வாறு எதிர்கொள்வது என்று சொல்லுவார் எவருமிருக்கவில்லை. தாம் அறிந்தவற்றைப் பிறருக்குச் சொல்ல அவரே வைத்தியசாலைகளுக்குச் சென்றார். கைப்பயிற்சிக்கு ஒரு பந்தும் கயிறும், உடைக்குள் வைக்க ஒரு தற்காலிக மார்புறையுமே அவர் கொண்டுசென்ற பொருட்கள். பல வைத்தியர்கள் அவரை அத்துமீறி நுழைந்தவராகவே கருதினர். ஆயினும் அவர் தொடங்கிய இயக்கத்தை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1969இல் தன்னோடு இணைத்துக்கொண்டது.

ஆறுதல் கூறுவதோடு நில்லாது, முடிவெடுக்கும் உரிமையையும் கேட்டார் ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர். 1974இல் தம் மார்பிலே கட்டியைக் கண்ட அவர், பரிசோதனை ஒரு நாளிலும் சிகிச்சை பிறிதொரு நாளிலும் நடைபெற வேண்டுமென்றார். இடையிலே சிந்திக்க நேரம் வேண்டும் என்பதே அவரது கோரிக்கை. அதற்கு இணங்கும் வைத்தியரைக் கண்டுபிடிக்க அவர் பலரை அணுக வேண்டியிருந்தது. 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் வைத்தியரல்லாத உறுப்பினராக அவர் அமர்ந்தார். பரிசோதனையையும் சிகிச்சையையும் பிரித்துச் செய்யவேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது.

அதே காலத்தில் ஹால்ஸ்டெட்டின் கோட்பாடும் சோதனைக்குள்ளாயிற்று. பேர்னார்ட் ஃபிஷர் 1971இல் ஓர் ஒப்பீட்டு ஆய்வைத் தொடங்கினார். கட்டியை மட்டும் அகற்றும் முறையைச் சோதிக்கும் இன்னோர் ஆய்வு 1976இல் தொடங்கிற்று. இத்தாலியின் மிலான் நகரில் உம்பேர்ட்டோ வெரோனேசி 701 பெண்களைக் கொண்டு இத்தகைய ஆய்வை 1973இல் ஆரம்பித்திருந்தார். ஃபிஷரின் இரண்டாவது ஆய்வில் கணிக்கப்பட்டோர் 1,851 பேர். மார்பகத்தை இழந்தோரும் பேணியோரும் ஒரே அளவிலேயே உயிர்பிழைத்தனர் என்பது, இருபதாண்டுக் கணிப்புகள் வெளிவந்த 2002இல் மேலும் உறுதியாயிற்று. ஆய்வுக்கு இணங்கிய அப்பெண்களின் கூட்டுத் துணிவு இல்லையேல் இவ்வறிவு பிறந்திராது.

எனினும் ஆதரவு என்பதற்குள்ளும் முரண்பாடு உண்டு. 1978இல் மார்பகத்தை இழந்த கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட் செயற்கை மார்பை அணிய மறுத்தார். அணியாது வந்தால் பிற நோயாளரின் மனம் தளருமென்று சிகிச்சையகத்தில் அவருக்குச் சொல்லப்பட்டது. இழப்பை மறைப்பதற்கு உதவுவது ஆதரவாகாது. மறைத்துக்கொண்டு திரியும் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளங்காணவும் மாட்டார்கள் என்று 1980இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். லாசரின் தொண்டை இவ்வாதம் சிறுமைப்படுத்தவில்லை. அதனை அடுத்த படிக்கு நகர்த்திற்று.

ஆதரவின் பயனை மிகைப்படுத்துவதும் தவறு. நோய் பரவிய நிலையிலிருந்த 86 பெண்களைக் கொண்டு டேவிட் ஸ்பீகல் நடத்திய ஆய்வு, வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியோர் நீண்டகாலம் வாழ்ந்தனர் என 1989இல் கூறிற்று. 2001இல் வெளிவந்த கனடிய ஆய்வு அதனை உறுதிப்படுத்தவில்லை. குழுவிலிருந்தோரின் மனத்துயரும் நோவும் குறைந்தன, ஆயுள் நீளவில்லை. துயர் குறைவது சிறிய காரியமன்று. மனவுறுதியிருந்தால் நோய் மாறுமென்று சொல்வதோ, இறப்பவள்மீதே இறப்பின் பழியைச் சுமத்துவதாக முடியும்.

இறுதியாக ஒன்று. கட்டியை மட்டும் அகற்றினால் போதும் என்ற முடிவு, கதிர்வீச்சுச் சிகிச்சையையும் உள்ளடக்கியதாகும். ஃபிஷரின் ஆய்வில் அது பெறாதோருள் 39 சதவீதமானோருக்கும், பெற்றோருள் 14 சதவீதமானோருக்கும் இருபதாண்டுகளுள் அதே மார்பகத்தில் நோய் மீண்டது. அன்று அச்சிகிச்சைக்கு ஐந்து வாரங்கள் வேண்டியிருந்தன. இன்று அது குறுகியுள்ளது. ஆயினும் கதிர்வீச்சு இயந்திரமே இல்லாத நாடுகள் இன்னும் உள்ளன. அன்றாடக் கூலியை இழந்து தூர நகரில் தங்க முடியாத பெண், மார்பகத்தை முற்றாக அகற்றுவதையே தெரிவுசெய்கிறாள். அதனைத் தெரிவு என்று அழைப்பது எவ்வளவு பொருந்தும்? குஷ்னர் வென்ற உரிமை அவளிடம் சென்று சேரவேண்டுமாயின் இயந்திரமும், போக்குவரத்தும், சம்பளத்துடனான விடுமுறையும் அதனோடு சென்றாக வேண்டும்.

வகுப்பறையில் இவ்வரலாற்றைச் சொல்லும் ஆசிரியர் ஹால்ஸ்டெட்டின் பெயரையும் ஃபிஷரின் பெயரையும் சொல்லட்டும். பந்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலை வாயிலில் நின்ற பெண்ணைப் பற்றியும், பெயர் தெரியாத அந்த 1,851 பேரைப் பற்றியும் அதே பாடத்திலே சொல்ல வேண்டும்.