மறதி என்ற வரம்

படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வருவது ஒரு தலையை. கருவறையில் அம்மனுக்குச் சிரசுதான் பிரதானம். ஆரணிப் பக்கத்துக் கிளைக்கு மாற்றலாகி வந்த வருஷம், ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் சந்தவாசல் வழியாக அங்கே போனேன். பக்தியோடு போனேன் என்று சொல்ல முடியாது. ஆனால் வரிசையில் நின்று அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் என்னை விடவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

படைவீடு என்பதுதான் பேச்சில் தேய்ந்து படவேடு ஆகியிருக்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் சம்புவராயரை வென்று, பிறகு மதுரை வரை போனான். அந்த வெற்றிகளை அவன் மனைவி கங்காதேவி சமஸ்கிருதக் காவியமாகப் பாடினாள். 'மதுரா விஜயம்' என்ற அந்தச் சுவடி 1916இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. அவ்வளவு புலமை கொண்ட பெண் எழுத உட்கார்ந்தபோதும் எழுதியது கணவனின் சரித்திரத்தை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு வேறு எதை எழுதும் சாத்தியம் இருந்தது என்று யோசித்தால் விஷயம் தொடங்கிவிடுகிறது. இன்று படவேட்டுக்கு வருகிற ஜனங்களுக்குச் சம்புவராயரும் தெரியாது, கம்பணனும் தெரியாது. அவர்கள் தலைக்காக வருகிறார்கள்.

ரேணுகையின் கதை மகாபாரத வனபர்வத்தில் இருக்கிறது. ஜமதக்னியின் மனைவி நீராடப் போகிறாள். சித்ரரதன் என்ற அரசன் தன் மனைவியரோடு நீரில் விளையாடுவதைப் பார்க்கிறாள். மனம் ஒரு கணம் சலிக்கிறது. திரும்பி வருகிறவளைப் பார்த்ததுமே ரிஷி தெரிந்துகொள்கிறார். வெட்டச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக உத்தரவு போடுகிறார். நான்கு பேர் மறுத்தார்கள் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். மூலத்தில் அவர்கள் மறுக்கவில்லை. திகைத்துப்போய் ஒன்றும் பேசாமல் நிற்கிறார்கள். அந்த மௌனத்துக்கே மிருகங்களையும் பறவைகளையும் போல அறிவு மழுங்கிப் போகும்படி சாபம் கிடைக்கிறது. ஐந்தாவது பிள்ளை பரசுராமன் கோடரியை எடுக்கிறான். ஆக, இந்தக் கதையில் யாருமே 'மாட்டேன்' என்று சொல்லவில்லை. ரேணுகையை யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை.

அடுத்து வருவது வரங்கள். தந்தை மகிழ்ந்து கேள் என்கிறார். தாய் உயிர்பெற்று எழ வேண்டும் என்பது மகன் கேட்கும் முதல் வரம். தன்னை வெட்டியது அவளுக்கு நினைவில்லாமல் போக வேண்டும் என்பது இரண்டாவது. அந்தப் பாவம் தன்னைத் தொடக்கூடாது என்பதை அதற்குப் பிறகுதான் கேட்கிறான். பரசுராமனின் பித்ரு பக்தி பற்றி எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டாவது வரத்தில் யாரும் நின்று பார்த்து நான் கேட்டதில்லை. தாய்க்கு வேதனை வேண்டாம் என்ற கருணையாகவும் அதைப் படிக்கலாம். ஆனால் நினைவுள்ள தாயோடு ஒரே குடிசையில் இருந்தால் தினமும் அவள் கண்ணைப் பார்த்தாக வேண்டும். மறதி அவளுக்குக் கிடைத்தது, சௌகரியம் அவனுக்கு.

தமிழ் நாட்டுப்புறம் இந்தக் கதையை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. இங்கே சொல்லப்படும் கதையில் ரேணுகை தினமும் ஆற்று மண்ணைப் பிசைந்து, சுடாத பச்சைக் குடம் செய்து, அதில் தண்ணீர் கொண்டு வருகிறாள். கற்பின் பலத்தால் குடம் நிற்கிறது. படவேட்டுக்காரர்கள் அந்த ஆறு தங்கள் ஊர்க் கமண்டல நதிதான் என்பார்கள். கற்பு இங்கே மனசின் விவகாரம் என்பதோடு நிற்காமல் தினசரி வேலையாகவும் ஆகிவிடுகிறது. நேற்றுக் கொண்டுவந்த தண்ணீர் இன்றைக்குச் சாட்சி ஆகாது. ஒரு நாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழலைப் பார்க்கிறாள், குடம் உடைகிறது. வெட்ட வரும் மகனிடமிருந்து தப்பி ஓடுகிறவளைச் சேரிப் பெண் ஒருத்தி கட்டிப்பிடித்துக் காக்கப் பார்க்கிறாள். ஒரே வீச்சில் இரண்டு தலையும் விழுகிறது. பிழைக்க வைக்கும் அவசரத்தில் தலைகள் மாறிவிடுகின்றன. ரேணுகையின் தலையும் சேரிப் பெண்ணின் உடலும் சேர்ந்தவள் மாரியம்மன். மற்றவள் எல்லம்மன். ஊருக்கு ஊர் இது கொஞ்சம் மாறும்.

தலை மாறிய இந்தக் கதையை சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி 1782இல் அச்சிட்ட தன் நூலில் எழுதினார். அங்கிருந்து அது கெதே வரை போனது. 1824இல் வெளியான அவருடைய பறையன் கவிதைகளில் தலை மாறிய தாய் வாய் திறந்து பேசுகிறாள். கதையைக் கொடுத்த நாம் அவளைப் பேச வைக்கவில்லை, கும்பிட்டோம். அந்தச் சேரிப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கதையிலும் கோடரியின் குறுக்கே போனவள் அவள் ஒருத்திதான். நான் கேட்ட எந்த வடிவத்திலும் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் செய்ததைத் தியாகம் என்று யாரும் சொன்னதும் இல்லை. தன்னை வெட்டும்போது பேசாதிருப்பவளுக்குத்தான் நம்மிடம் அந்தச் சொல் இருக்கிறது.

கேட்கப்பட்ட பெண்கள் சரித்திரத்தில் உண்டு. புறநானூற்று 246ஆம் பாட்டைப் பாடியவள் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு. தீப்பாய வேண்டாம் என்று தடுத்த சான்றோர்களுக்கு அவள் சொல்லும் பதில் அது. கற்பின் சிகரம் என்று நம் பண்டிதர்கள் கொண்டாடிய பாட்டில் அவள் பெரும்பகுதியும் பேசுவது சாப்பாட்டைப் பற்றி: நெய்யில்லாத பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளி சேர்த்த வேளைக் கீரை, பாயில்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கை. அவளுக்கு முன்னால் இருந்தவை இரண்டே: அந்த ஜீவனம் அல்லது நெருப்பு. நெருப்பைத் தேர்ந்தாள். தேர்ந்தாள் என்ற சொல்லை இங்கே எந்த அளவுக்கு உபயோகிக்கலாம் என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியைக் கும்பினி அரசாங்கம் நிர்வாகப் பிரச்னையாகச் சந்தித்தது. 1813இல் வங்காள அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு போனது. உடன்கட்டை ஏறும் இடத்துக்குப் போலீஸ் போக வேண்டும். பெண் பதினாறு வயதுக்குக் குறைந்தவளா, கர்ப்பிணியா, போதை கொடுத்திருக்கிறார்களா, தன் இஷ்டத்தோடு ஏறுகிறாளா என்று விசாரிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் எரியலாம். சுற்றிலும் மைத்துனர்களும் புரோகிதர்களும் நிற்க, சிதைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு விதவையிடம் 'உனக்குச் சம்மதமா' என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டார்கள். 1829 டிசம்பரில் தடை வருவதற்கு முந்தைய சுமார் பதினைந்து ஆண்டுகளில் வங்காள மாகாணக் கணக்கில் மட்டும் 8,000க்கு மேற்பட்ட பெண்கள் இப்படி எரிந்திருக்கிறார்கள். 1829 சட்டத்திலும், 1830 பிப்ரவரியில் வந்த சென்னைச் சட்டத்திலும் நான் முக்கியமாகக் கருதுவது, உதவியவர்கள் குற்றவாளிகள் என்று சொன்னபோது பெண்ணின் சம்மதத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டதை. அந்தச் சம்மதத்தை எழுதி வாங்குவதில் அர்த்தமில்லை என்று அரசாங்கத்துக்கு அவ்வளவு உயிர் போன பிறகு புரிந்தது.

நான் வங்கியில் தினமும் சம்மதத்தை எழுதி வாங்குகிறவன். ஆரணி வட்டாரத்துப் பட்டுத் தறி வீடுகளில் பெண்கள் தார் சுற்றுவார்கள், பாவு பிணைப்பார்கள், கோர்வைப் புடவைக்குப் பக்க நாடா தள்ளுவார்கள். கூலிக் கணக்கில் புருஷன் பெயர்தான் இருக்கும். அவர்கள் பெயர் எழுத்தில் வருவது நகைக் கடனுக்கு எங்களிடம் வரும்போது. தாலிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோர்த்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். மதிப்பீட்டாளர் உரைத்து எடை போட்டதும், என் சொந்த நகை, என் சம்மதத்தோடு வைக்கிறேன் என்ற பாரத்தில் கையெழுத்து. அவசியமில்லாமல் ஒரு தடவை ஓர் அம்மாளிடம் கேட்டேன், "உங்களுக்கு இஷ்டந்தானேம்மா?" அவர் சிரித்தார். "இல்லன்னு எப்படி சார் சொல்றது?" என்றார்.

இதை அலுப்பில் சொன்ன பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வழி கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை. தமிழில் மறுப்பதற்கு 'மாட்டேன்' என்று ஒரு சொல்லும் 'முடியவில்லை' என்று ஒரு சொல்லும் இருக்கின்றன. முதலாவது மனசின் சொல், அடுத்தது உடம்பின் சொல். நம் வீடுகளில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டது இந்த இரண்டாவதுதான். தலைவலி, மயக்கம், இடுப்பு வலி என்று உடம்பு மறுக்கலாம், வைத்தியம் செய்வோம். ரேணுகையின் குடமும் அப்படித்தான் உடைந்தது. புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில் அகலிகையின் மறுப்புகூடக் கடைசியில் கல்லாவதாகத்தான் முடிகிறது.

இதுவரை பிறரைப் பற்றி எழுதிவிட்டேன். இனி எழுத வேண்டியதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை யோக்கியமாக இராது.

பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது இல்லை. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்தப் பேதத்தை எடுத்தது. தகப்பனார் 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் பூர்த்தியாகிவிட்டது. ஆனால் சார்பதிவாளர் ஆபீஸ்களில் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. சகோதரி தன் பங்கைச் சகோதரனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையும் குறைவு. யாரை எதிலிருந்து விடுதலை செய்கிறது என்று தெரியாத அந்தப் பெயரை யார் வைத்தார்களோ.

அப்பா காலமான மறு வருஷம் என் அக்கா எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. கேட்காமலே நடக்கும்படி வீடு ஏற்பாடாகியிருந்தது. அம்மா ஒரு தடவை போனில், "தம்பிக்குத்தான் வீடு, உனக்குத்தான் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சே" என்று சொன்னாள், அவ்வளவுதான். பதிவாளர் அக்காவைப் பார்த்து, "எழுதிக் கொடுத்தது நீங்கதானே?" என்று கேட்டார். சட்டப்படி அவர் கேட்க வேண்டியது அதுதான். கையெழுத்து உன்னுடையதா என்று கேட்பார், மனசு உன்னுடையதா என்று கேட்பதற்கு அவர் பாரத்தில் இடம் இல்லை. அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "ஆமா சார்" என்றாள். விரல் ரேகை வைத்த கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "சாப்டியாடா?" என்று கேட்டாள். அந்த வருஷம் அத்தானுக்கு வியாபாரம் நொடித்திருந்தது. அது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஓட்டலில் எல்லோரும் சாப்பிட்டபோது நான் அவளைப் பற்றி ஒரு சிறிய பிரசங்கமே செய்தேன். பெருந்தன்மை என்றேன், தியாகம் என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நானும் இரண்டாவது வரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கு வனபர்வத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. தியாகம் என்ற சொல்லைப் பெரும்பாலும் உச்சரிப்பது வாங்கிக்கொண்டவன். வெட்டு விழுந்தது கொடுத்தவளுக்கு ஞாபகம் இல்லாமல் போவதற்காக அதைச் சொல்கிறான். மறுக்கும் சாத்தியம் இருந்து, அதைத் தெரிந்து விட்டுக்கொடுத்தால்தான் அது தியாகம். கேள்வியே எழாத இடத்தில் நடந்ததற்கு வேறு பெயர் வேண்டும். அந்தப் பெயர் நம்மிடம் இல்லாததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

படவேட்டில் அந்த ஆடி வெள்ளியன்று ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தது. நாற்பது வயதிருக்கும். கூந்தல் அவிழ்ந்து, உரத்த குரலில், "மாட்டேண்டா, போக மாட்டேண்டா" என்று சொன்னாள். அவள் புருஷன் என்று பிறகு தெரிந்தவர் கையைக் கட்டிக்கொண்டு, "தாயே, உன் இஷ்டம்" என்றார். கூடியிருந்த பெண்கள் வெகு கவனமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேப்பிலையால் தடவி, திருநீறு பூசி, கற்பூரம் காட்டினார்கள். சாமி மலையேறியது. அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, குழந்தை எங்கே என்று கேட்டாள். என் சக ஊழியர் அவள் பக்கத்தில் நின்ற கிழவியிடம், இந்த அம்மா என்ன சொல்லிச்சுன்னு இவங்களுக்குத் தெரியுமா என்று விசாரித்தார். "அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது" என்றாள் கிழவி.

அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.