போதை நோயும் மருந்தின் நான்கு கூறுகளும்

திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' 93ஆம் அதிகாரம். 'மருந்து' 95ஆம் அதிகாரம். இரண்டிற்கும் இடையே நிற்பது 'சூது' ஒன்றே. கள்ளைக் கடிந்த வள்ளுவர், மருந்தைப் பற்றிக் கூறுங்கால் அதனை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். சிங்கப்பூர் போதைப் பழக்கத்தோடு போராடிய வரலாற்றை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். இந்நான்கும் இங்கு ஒருங்கே வந்து சேரவில்லை. நெடுங்கால இடைவெளியில் ஒவ்வொன்றாகவே வந்தன.

தொடக்கத்தில் நோயாளி என்று ஒருவன் இல்லை; வாடிக்கையாளனே இருந்தான். 1819இல் ஆங்கிலேயர் இங்குக் கால்வைத்தனர். மறு ஆண்டே அபின் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. கங்கைச் சமவெளியில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போன அபின் கப்பலேறி வந்தது. அதனைக் காய்ச்சிப் புகைத்தற்கேற்ற 'சண்டு' ஆக்கினர். ரிக்‌ஷா இழுத்தோரும் மூட்டை சுமந்தோரும் உடல்வலி மறக்க அதனை நாடினர். சில ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினால் வந்தது. 1910இல் அரசே சண்டுத் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பாசிர் பாஞ்சாங்கில் இயங்கிய சண்டு ஆலையின் நினைவையே 'புக்கிட் சண்டு' என்னும் குன்றின் பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. அபின் வருவாய் நின்றால் ஈடுசெய்ய வேண்டுமே என்று 1925இல் தனி நிதியே ஒதுக்கினர். புகைத்தவன் மட்டுமன்று, விற்ற அரசும் அபினைச் சார்ந்தே வாழ்ந்தது எனலாம்.

இது பிறர் கதை என்று தமிழர் ஒதுங்கிவிடுதல் இயலாது. நம் தொழிலாளருக்கு அபினுக்கு மாறாகக் கள்ளுக்கடை வாய்த்தது. அண்டை மலாயாவின் கெடா மாநிலத்தில், 1947இல் தொண்டர் படையினர் தோட்டக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நடத்திய போராட்டம் அத்துயரின் ஆழத்தைக் காட்டும்.

அடுத்து வந்தவன் மருத்துவன். இங்குள்ள மருத்துவப் பள்ளியில் 1910இல் தேறிய முதல் அணியினருள் ஒருவரான டாக்டர் சென் சு லான், 1933இல் அபின் ஒழிப்பு மருத்துவ நிலையத்தை நிறுவினார். அரசு விற்றுக்கொண்டிருந்த பொருளுக்கு அடிமையானவரை, ஒரு மருத்துவர் நோயாளியாகக் கண்டு ஏற்றார்! போருக்குப் பின், 1946இல் அபின் முற்றும் தடைசெய்யப்பட்டது. 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் சிகிச்சை நிலையம் தோன்றியது. உடல் தேறியவர்க்குத் தொழிற்பயிற்சியும் வேண்டும் என்னும் தெளிவு அங்கு அரும்பியது.

இத்தெளிவு ஏன் இன்றியமையாதது? போதை வேறு, சார்பு வேறு. போதை என்பது பொருள் உட்சென்ற சில மணிநேர மயக்கம். அபின் வகையில் அளவு மிகின் மூச்சு தளர்ந்து உயிர் போகும். நலாக்சோன் என்னும் மருந்தைக் காலத்தே செலுத்தினால் மூச்சை மீட்கலாம். சார்பு என்பது அப்பொருளின்றி இயங்க இயலாதவாறு மூளையும் உடலும் பழகிவிட்ட நிலை. நிறுத்தினால் தசைவலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை முதலியன தோன்றிப் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். வேட்கையோ எளிதில் தணிவதில்லை. மேலும், விட்டிருந்த காலத்தில் உடலின் தாங்கும் ஆற்றல் குறைந்துவிடும். அப்போது பழைய அளவையே மீண்டும் எடுப்பவன் உயிரிழக்கக்கூடும். ஆதலின் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாள்களே பேரிடர் மிக்கவை.

1970களில் ஹெராயின் இளைஞரைப் பற்றியது. 1971இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவும், 1973இல் கடுஞ்சட்டமும் வந்தன. 1977இல் தொடங்கிய 'ஃபெரட்' நடவடிக்கையில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானோர் மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். மூன்றாம் கூறாகிய மருந்தும் எளிதில் கைகூடவில்லை. ஹெராயினுக்கு மாற்றாக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புப்ரெனார்ஃபின் மாத்திரையைச் சிலர் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளலாயினர். 2006இல் அதுவும் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாயிற்று. பேணுவாரின்றி மருந்து மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நான்காம் கூறு மெல்ல வளர்ந்தது. 1972இல் தோன்றிய 'சானா' சங்கம் மீண்டு வந்தோர்க்குத் துணைநின்றது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலை நிருவகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியம், 'ஆசிரமம்' என்னும் இடைநிலை இல்லத்தை அமைத்தது. 2004இல் மஞ்சள் ரிப்பன் திட்டம், சிறை மீண்டாருக்குச் சமுதாயம் கதவு திறக்க வேண்டும் என்று கேட்டது. 2019இல் சட்டமும் திருத்தப்பெற்றது. வேறு குற்றமின்றிப் போதைப்பொருள் உட்கொண்டதற்காக மட்டும் பிடிபடுவோர், மீண்டும் மீண்டும் பிடிபடினும் நெடுஞ்சிறைக்கு மாறாக மறுவாழ்வு நிலையத்திற்கு அனுப்பப்பட அது வழிவகுத்தது.

வாடிக்கையாளன், குற்றவாளி, நோயாளி என்று ஒரே மனிதனுக்கு இந்நகரம் காலந்தோறும் இட்ட பெயர்கள் பல. பெயர் மாறுந்தோறும் அவன் விதியும் மாறியது. சொல்லைக் கையாளும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. தந்தையோ தமையனோ மறுவாழ்வு நிலையத்தில் இருக்கும் பிள்ளை எவ்வகுப்பிலும் இருக்கலாம். கள்ளுண்ணாமையைக் கற்பிக்கும்போது, அப்பிள்ளையின் தலை கவிழாதவாறு கற்பித்தல் வேண்டும். இரண்டு அதிகாரம் தள்ளி மருந்து இருப்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். முதல் மூன்று கூறுகளை அரசும் மருத்துவமும் தரலாம். நான்காவதை நாமே தருதல் வேண்டும்.