பட்டியலும் முகவரும்: தேயிலை ஏலத்திலிருந்து இணையச் சந்தை வரை

சந்தை என்பது பொருளும் பணமும் கைமாறும் இடம் மட்டுமன்று; பொருள்பற்றிய அறிவு கைமாறும் இடமுமாகும். சந்தை விரிவடையுந்தோறும் பொருளை நேரிற் காண்போர் தொகை குறைந்து, அதன் பட்டியலை வாசிப்போர் தொகை பெருகுகின்றது. பட்டியலும் பெருகியபோது, பிறருக்காக அதனை வாசிக்கும் முகவர் தோன்றினர். இன்று இணையச் சந்தைகளின் வகைப் பட்டியல்களைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வாசிப்பதற்கான கருவிகள் உருவாகியுள்ளன. இக்கருவிகள் முற்றிலும் புதியன என்றே பலரும் கருதுவர். ஆயின், இவை எழுப்பும் வினாக்கள் பழையவை. தெல்தோட்டைப் பகுதியில் வேரூன்றிய தேயிலைத் தொழிலின் வரலாற்றைக் கொண்டு அவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துர தோட்டத்தில், ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெயிலர் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் பரவத்தொடங்கிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தபோது, அப்பத்தொன்பது ஏக்கர் நாட்டின் பொருளாதாரத்துக்கே முன்மாதிரியாயிற்று. 1873 இல் அங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. இலண்டன் மின்சிங் லேனில் அதனை வாங்கியோர் தெல்தோட்டை மலைகளைக் கண்டவரல்லர். அவர்கள் கண்டவை மாதிரித் தேயிலையும் ஏலப் பட்டியலும் மட்டுமே.

தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையிலான இத்தூரத்தை நிரப்பியவர்கள் முகவர்கள். 1835 இல் தோன்றிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனி முதலான கொழும்பு முகவர் நிறுவனங்கள், கடல் கடந்த உடைமையாளர் சார்பில் தோட்டங்களின் அலுவல்களைக் கவனித்தன. 1883 ஜூலை 30 ஆம் திகதி கொழும்பிலே சமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடைபெற்றது. 1894 இல் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் அமைக்கப்பட்டது. கல்கத்தாவில் 1861 இலேயே ஏலம் தொடங்கியிருந்தமை ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது.

ஏலத்தின் உயிர்நாடி பட்டியலே. தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியும் தோட்டத்தின் பெயர், தரம், பொதிகளின் எண்ணிக்கை, நிறை ஆகியவற்றோடு அதில் இடம்பெறும். பிரோக்கன் ஒரேஞ் பீக்கோ, டஸ்ட் முதலிய தரப் பிரிவுகளோடு உயரத்தின் அடிப்படையிலான பிரிவும் உண்டு: கடல்மட்டத்திலிருந்து 2000 அடிக்குட்பட்டது தாழ்நிலத் தேயிலை, 2000 முதல் 4000 அடி வரை நடுநிலத் தேயிலை, அதற்கு மேற்பட்டது உயர்நிலத் தேயிலை. வகைப்பாடு என்பது வெறும் வசதிக்கான ஏற்பாடன்று. எந்தப் பிரிவிற் பெயர் வருகின்றது என்பது, எவர் அதனை வாசிப்பர், எவ்விலையை எதிர்பார்ப்பர் என்பதையும் ஓரளவு தீர்மானித்து விடுகின்றது.

இப்பட்டியலைத் தயாரிப்பவர் தரகர். ஆயினும் வாங்குவோர் அவருடைய சொல்லை மட்டும் நம்பவேண்டியதில்லை. ஏலத்துக்கு முன்னர் மாதிரிகள் அவர்களுக்கு வழங்கப்படும். அவர்கள் தாமே சுவைத்துப் பார்க்கலாம். தரகர் விற்பவர் சார்பில் நிற்பவர் என்பதும் யாவரும் அறிந்ததே. பட்டியலும் எல்லோருக்கும் ஒன்றே. தரகர் உற்பத்தியாளருக்கு முற்பணம் வழங்குபவராகவும் விளங்குவதால், இவ்வமைப்பு குறையற்றதெனக் கூறவியலாது. எனினும் முகவர் எவருடையவர் என்ற வினாவுக்கு அங்கே விடை உண்டு.

இவ்வளவும் கூறும் பட்டியலில் கொழுந்து பறித்தவருக்கு இடமில்லை. தோட்டத்தின் பெயர் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பெயர் இல்லை. அவர்கள் இடம்பெற்ற ஏடு வேறொன்று. தொழிலாளர் குழு பட்டிருந்த கடனைக் குறித்து, அதனைத் தீர்ப்பவர் அக்குழுவைப் பெறலாம் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. கடன் கைமாறியபோது மனிதரும் கைமாறினர். கங்காணி என்ற இடையாளின் வலிமையும் இதிலேயே தங்கியிருந்தது. 1921 இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தம்மைப்பற்றி எழுதப்பட்டதைத் தாமே வாசிக்கவோ திருத்தவோ இயலாதோரின் நிலை எத்தகையது என்பதற்குத் துண்டு முறையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2020 ஏப்ரலில், கொவிட் பெருந்தொற்றின் நெருக்கடியில், நூற்றாண்டுக்கு மேலாக நேரில் நடைபெற்றுவந்த கொழும்பு ஏலம் மின்னணு முறைக்கு மாறியது. பொதுமக்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலோ அதற்கு முன்னரே இணையத்தை நாடியிருந்தது. 2012 இல் தொடங்கிய இக்மன் தளத்தில் வாகனம், காணி, கைபேசி என வகைவகையாக விளம்பரங்கள் நிரல்படுத்தப்பட்டன.

இத்தகைய பட்டியல்களை இயந்திரம் வாசிப்பதும் புதிதன்று. எந்தப் பக்கங்களுக்கு இயந்திரங்கள் வரலாகாது எனத் தள உரிமையாளர் அறிவிக்கும் வழக்கம் 1994 இல் உருவாயிற்று. ஈபே தளத்தின் ஏலப் பட்டியல்களை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அணுகித் திரட்டிய பிட்டர்ஸ் எட்ஜ் நிறுவனத்துக்கு, 2000 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்தும், அதனை இயந்திரம் வாசிப்பது உரிமையா, அத்துமீறலா என்பதே அங்கு எழுந்த வழக்கு.

இன்றைய முகவர் மென்பொருள் திரட்டுவதோடு நிற்பதில்லை, தெரிவுஞ் செய்கின்றது. அதற்கு வழங்கப்படும் கருவியிடம் வகை, விலை எல்லை, பக்க எண் ஆகியவற்றைக் கொடுத்தால், கருவி அப்பக்கத்திலிருந்து பொருளின் பெயர், விலை, விற்பவர், இணைப்பு ஆகியவற்றைப் பிரித்தெடுத்து ஒழுங்காக ஒப்படைக்கும். அடுத்த பக்கத்தையும் பார்ப்பதா, இதுவே போதுமா என முகவரே முடிவு செய்யும். இத்தகைய கருவிகளை இணைப்பதற்கான பொதுநெறியொன்றை 2024 நவம்பரில் அன்ரொப்பிக் நிறுவனம் வெளியிட்டது.

ஈண்டு மூன்று இடர்களைச் சுட்டலாம். முதலாவது, ஒவ்வொரு பக்கத்தை வாசிப்பதற்கும் செலவுண்டு. ஆகவே முகவர் சில பக்கங்களோடு நின்றுவிடலாம். அப்போது பின்பக்கத்திலுள்ள சிறு விற்பனையாளர் இல்லாதவரே ஆவர். இரண்டாவது, விற்பவர் தம் விளம்பரத்திலேயே மென்பொருளை வழிதிருப்பும் சொற்களைப் பொதிந்து வைக்கலாம். மூன்றாவது, தவறான வகையிலோ, முகவர் தேடாத மொழியிலோ இடப்பட்ட பொருள் தேடலில் அகப்படாது போகலாம். மலையகத்துச் சிறு வியாபாரி ஒருவர் தமிழில் எழுதும் விளம்பரத்துக்கு நேரக்கூடிய கதி இதுவே.

ஏல மண்டபத்துத் தரகரிடம் இருந்த மூன்று பண்புகளை இப்புதிய முகவரிடமும் நாம் கோருதல் வேண்டும்: அது எவர் சார்பில் வாசிக்கின்றது என்பது வெளிப்படையாயிருத்தல், அதன் தெரிவை மாதிரி கொண்டு சரிபார்க்க இடமிருத்தல், ஒரே பட்டியல் அனைவர்க்கும் கிடைத்தல். தரகரிடம் இல்லாத நான்காவது பண்பொன்றும் வேண்டும்: பட்டியலில் இடம்பெறுவோரும், இடம்பெறாது விடப்பட்டோரும் அதனைக் கேள்வி கேட்கும் உரிமை. துண்டு முறை ஒழிந்தது கங்காணிகள் நல்லவராக மாறியதனாலன்று. சட்டம் அதனை ஒழித்தமையாலேயாம். கருவியைச் செய்வோரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடமாகும்.